எல்லோரும் ஆமென் போட்டார்கள்

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆரணியில் பட்டு நெய்கிறேன். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. என் மனைவியைக் கைநீட்டி அடிக்க ஆரம்பித்தும் அதே இருபத்து நான்கு வருடம்தான். இரண்டையும் சேர்த்து எழுதுவது படிக்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். நான் எழுத உட்கார்ந்தது அதிகாலை ஜெபத்தைப் பற்றி, ஒழுங்கான விசுவாச வாழ்க்கையைப் பற்றி. அடித்ததை விட்டுவிட்டு அதை எழுதினால் அது பொய் என்று எனக்கும் தெரியும், என் வீட்டில் இருந்தவர்களுக்கும் தெரியும், கர்த்தருக்கும் தெரியும்.

என் மனைவி இனி என்னோடு ஒரே கூரையின் கீழ் பயமில்லாமல் இருப்பாளா என்பதுதான் இப்போது என் ஒரே விண்ணப்பம். அதற்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. வந்த மட்டும் சொல்கிறேன்.

எங்கள் சபை சின்னது. தறிக்காரர்கள், டீச்சர்கள், நிலத்து வேலைக்குப் போகிறவர்கள், செய்யார் கம்பெனிகளுக்குப் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைகள். எல்லோரையும் சேர்த்துப் போனில் ஒரு குழு இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "பிரதர், நீங்க நாலு மணிக்கே எழுந்துக்கிறவரு. தினம் மூணு நிமிசம் பேசி குரூப்ல போடுங்க. ஜனங்க சோர்ந்துபோய் கிடக்குது, ஒரு ஊக்கமா இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலோடு பேசியிருக்கிறேன். என் அப்பாவை அடக்கம் பண்ணின மறுநாள் காலையும் பேசினேன். செய்தி போன உடனே அதற்குக் கீழே எல்லோரும் ஆமென் போடுவார்கள். சபையில் என்னைக் காலை பிரதர் என்றே கூப்பிடுவார்கள். அந்தப் பேருக்காகவே நான் இன்னும் இறுக்கமானேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான்கு மணிக்குச் சாக்கு விரித்து முழங்காலில் நிற்பேன். மனைவியும் மகளும் பக்கத்தில் நிற்க வேண்டும். பகலெல்லாம் என்னோடு வேலை செய்துவிட்டு, சமைத்து, பாத்திரம் கழுவிப் படுத்தவள், சில நாள் முழங்காலிலேயே தூங்கி விழுவாள். நடுவிரலை மடக்கி அவள் உச்சந்தலையில் குட்டுவேன். குட்டிவிட்டு, ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து தொடருவேன். மகள் சின்னவளாக இருந்தபோது முதல் நாள் வசனத்தை ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் விட்டுப்போனால், தறி இழைகளுக்குள் செருகுகிற மூங்கில் குச்சியால் கெண்டைக்காலில் ஒன்று. இரண்டு சொல்லுக்கு இரண்டு. அவள் காலில் இருந்த வரிகளைப் பார்த்து டீச்சர் விசாரித்தபோது, "வசனம் தப்பா சொன்னேன் மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடித்து முடித்ததும் எனக்குள் ஒரு நிறைவு வரும். கோணலாக இருந்ததை நேராக்கிவிட்ட மாதிரி. அதைத் தேவன் எனக்குக் கொடுத்த அதிகாரம் என்றே நினைத்திருந்தேன்.

ஐந்து இருபதிலிருந்து ஐந்தரை வரை வீட்டில் சத்தம் கூடாது. குழாய் திறக்கக்கூடாது, பாத்திரம் நகர்த்தக்கூடாது, இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். ஐந்தே முக்காலுக்கெல்லாம் பக்கத்து வீடுகளில் தறி ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் எதைப் பேசினாலும் லொடக் லொடக் என்ற சத்தம்தான் பதிவாகும். அதற்குள் பேசி அனுப்பிவிட வேண்டும்.

என் மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. செய்யாரில் ஒரு கம்பெனியில் வேலை. முதல் ஷிஃப்ட் என்றால் ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு என் செய்தியைக் கேட்பாள். கேட்டே ஆகவேண்டும். ஏனென்றால் சாயந்தரம் வந்ததும், "இன்னைக்கு இன்னா சொன்னேன்?" என்று கேட்பேன். அவள் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு அவளை அடிப்பதை நிறுத்தியிருந்தேன். ஆனால் தப்பாகச் சொன்னால் அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

இது நடந்த அன்றைக்கு மகளுக்கு முதல் ஷிஃப்ட், எங்கள் வீட்டுப் பாவு. புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற இழைகள் மொத்தத்தையும் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை இல்லை. அக்கம்பக்கத்தார் எட்டுப் பத்துப் பேர் ஆறு மணிக்கு வந்து நிற்பார்கள். நாளை அவர்கள் பாவுக்கு நாம் போய் நிற்க வேண்டும்.

முதல் நாள் சாயந்தரமே என் மனைவி கேட்டாள். "நாளைக்கு மட்டும் ஜல்தியா பேசி முடிச்சிடுங்க. கஞ்சி கொதி வந்துகினு இருக்கும். இறக்கலன்னா பொங்கி அடுப்பு அணைஞ்சிடும்."

"கர்த்தருக்கு அப்புறம்தான் கஞ்சி" என்றேன்.

காலையில் தறிப் பலகையில் உட்கார்ந்து போனில் பேச ஆரம்பித்தேன். பேசும் பொத்தானை அமுக்கி மேலே தள்ளிவிட்டால், கையை எடுத்தாலும் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் எழுந்திருப்பதன் ஆசீர்வாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அடுப்பங்கரையில் கஞ்சி பொங்குகிற ஓசை கேட்டது. அவள் வெறுங்காலோடு, சத்தமில்லாமல் போய், துணியால் பிடித்துப் பாத்திரத்தைத் தூக்கினாள். மூடி வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்தது. எவர்சில்வர் மூடி. சுழன்று சுழன்று அடங்கிற்று.

போனைப் பலகையில் போட்டேன். கைக்கு அகப்பட்டது நாடா. ஊடு இழையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகிற கட்டை அது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அவள் இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்திருந்தாள். முதல் அடி தோளில். அடுத்தது பாத்திரத்தைப் பிடித்திருந்த வலது கையில். அவள் பாத்திரத்தை விடவில்லை. விட்டிருந்தால் கையைத் தூக்கித் தடுத்திருக்கலாம். விடாததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மறுபடி அதே கையில் அடித்தேன். கஞ்சி அலம்பி அவள் காலில் ஊற்றியது. சத்தம் போடவில்லை. என் வீட்டில் அடி வாங்குகிறவர்கள் சத்தம் போடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவளைச் சுவரோடு தள்ளி, "ஏழு வருசமா சொல்றேன், ஒரு பத்து நிமிசம் உன்னால பொணம் மாதிரி இருக்க முடியாதா" என்று கேட்டேன்.

பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன பதிவை அழிக்கலாம் என்று விரலை வைத்தேன். மணி ஐந்தரை ஆகப்போகிறது என்ற அவசரம். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து மறுபடி பேசி, அதை அனுப்பினேன்.

முதலாவதை நான் அழிக்கவில்லை. அனுப்பியிருந்தேன். அது எனக்கு அப்போது தெரியாது.

ஆறு மணிக்குத் தெருவில் பாவு இழுத்துக் கட்டியாயிற்று. என் மனைவி ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து, இடது கையால் கஞ்சி தடவினாள். எதிர்வீட்டு அம்மா, "கை இன்னாடி?" என்று கேட்டாள். "கஞ்சி பட்டுடுச்சிக்கா" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. என் சட்டைப் பையில் போன் நிமிடத்துக்கு ஒரு தரம் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், ஆமென்கள் வந்துகொண்டிருக்கின்றன. அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக வருகிறதே, கர்த்தர் நம்மைப் பலமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தெருக்கோடியில் என் மகள் வருவது தெரிந்தது. கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை. பாவின் ஓரமாகவே ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"இன்னாடி, பஸ்ஸ விட்டுட்டியா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக அம்மாவிடம் போனாள். "கையக் காட்டு."

"கஞ்சி கொட்டிடுச்சிம்மா. நீ வேலைக்குப் போ."

மகள் துணியைப் பிரித்தாள். "கஞ்சி கொட்டினா விரல் இப்டி திரும்புமா?"

"பாவு காயுது, இன்னா பேச்சு இங்க. வூட்டுக்குள்ள போ" என்று அதட்டினேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "தினம் சாயந்தரம் கேப்பீங்களே, இன்னைக்கு இன்னா சொன்னேன்னு. இப்பவே சொல்லட்டுமா?"

போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, முழுச் சத்தத்தில் வைத்தாள். பிரியமானவர்களே என்று என் குரல் தெருவில் கேட்டது. பாவைப் பிடித்திருந்தவர்களில் இரண்டு பேர், நல்ல விஷயம்தானே என்று தலையாட்டினார்கள். பிறகு மூடி விழுந்தது. பிறகு மற்றது.

நான் பாவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன், அவள் அந்தப் பக்கம். குனிந்து சுற்றிப் போக எனக்குத் தோன்றவில்லை. நேராகப் பாய்ந்தேன். ஒரு இழையை மிதித்ததற்காக அடுத்தவன் சட்டையைப் பிடித்திருக்கிறேன். அன்றைக்கு என் பாவை நானே கிழித்துக்கொண்டு போனேன். ஈர இழைகள் இடுப்பிலும் கழுத்திலும் சுற்றின. அறுத்துக்கொண்டே போனேன். அவளை எட்டியதும் கன்னத்தில் அறைந்தேன். போன் எகிறி விழுந்தது, விழுந்த இடத்திலிருந்து என் குரல் பொணம் மாதிரி என்று சொன்னது. அவள் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மறுபடி கையை ஓங்கினபோது மூன்று பேர் என்னைப் பின்னாலிருந்து பிடித்துத் தரையில் அமுக்கினார்கள். ஒருவர் முழங்காலை என் முதுகில் வைத்தார். அவர் எங்கள் சபைக்காரர்.

"நானும் ஆமென் போட்டேன்" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கேக்கலப்பா. கேக்காமதான் போட்டேன்."

என் மனைவி கையிலிருந்த கஞ்சித் துணியை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்தாள். "இந்த ஓரம் இன்னும் தடவலக்கா" என்றாள். மகளின் கையைப் பற்றிக்கொண்டு, ஒரு கால் வெந்திருந்ததால் நொண்டி நொண்டி, தெருக்கோடிவரை நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரல் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகச் சொல்லிக் கட்டுப் போட்டார்கள். எப்படி ஆயிற்று என்று நர்ஸ் கேட்டதற்கு, கதவில் மாட்டிக்கொண்டது என்றாளாம் என் மனைவி. "எங்கப்பா அடிச்சாரு" என்று மகள் சொன்னாளாம். போலீசில் சொல்லணுமா என்று கேட்டதற்கு, "இப்ப வேணாம்" என்றாளாம் என் மனைவி. இப்ப என்ற அந்தச் சொல்லைப் பற்றி நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். அங்கிருந்து பெரணமல்லூருக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மத்தியானம் பாஸ்டர் வந்தார். சாந்தமாகத்தான் பேசினார். "குரூப்ல இருந்து அத எடுத்துட்டேன் பிரதர். நல்ல காலம், யாரும் முழுசா கேக்கல. ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு மறுபடி ஆரம்பிங்க. சிஸ்டருக்காக ஜெபிக்கிறோம்."

அவர் போன பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் பெரணமல்லூர் போனேன். கூட்டி வந்துவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் போனேன், பழம் கூட வாங்கியிருந்தேன். மச்சான் நிலத்தில் மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தார்.

"வாங்க மாப்ள. பிரசங்கம் பண்ண வந்தீங்களா, ஒதைக்க வந்தீங்களா?"

"என் பொண்டாட்டிய கூட்டிகினு போக வந்தேன்."

"எந்தக் கையால கூட்டிகினு போவீங்க? அந்தக் கைதானா?"

முதல் அடி என்னுடையது. மூன்று நாளாக முழங்காலில் நின்று அழுது ஜெபித்தவன்தான் அடித்தேன். அவர் மூக்கில் விழுந்தது. அவர் என்னைவிட வயதானவர், ஆனால் மண் வெட்டுகிற உடம்பு. என்னை வரப்பில் கவிழ்த்துப்போட்டு, பிடறியைப் பிடித்து முகத்தைச் சேற்றில் தேய்த்தார். விலாவில் உதைத்தார். வாயில் உதைத்தபோது ஒரு பல் உடைந்தது. நான் அவர் காலைக் கடித்தேன். இரண்டு பேரும் சேறும் ரத்தமுமாக, மூச்சு வாங்க, ஒருவரையொருவர் கொல்லத்தான் போனோம். கொல்லாமல் விட்டது ஏதோ கிருபை.

என் மனைவி வீட்டுப் படியில் வந்து நின்று, "அண்ணா, போதும்" என்றாள். அவர் நிறுத்தினார். அவள் ஒரு சொல் சொன்னதும் ஒரு ஆண் அடிப்பதை நிறுத்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னிடம் அவள் எத்தனையோ தரம் போதும் என்று சொல்லியிருக்கிறாள்.

"வீட்டுக்கு வா" என்றேன், உடைந்த பல்லைத் துப்பிவிட்டு.

"வரல."

"நான் மன்னிப்பு கேக்குறேன்."

"நீங்க ஒவ்வொரு தடவையும் கேட்டீங்க. சாயந்தரம் அடிச்சா காலைல கேப்பீங்க. எனக்கு அது வேணாம்." பின்னால் வந்து நின்ற மகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அத இவ போன்ல தனியா எடுத்து வச்சிருக்கா. உங்களுக்கு அனுப்பச் சொல்றேன். தினமும் அஞ்சு இருவதுக்கு உட்கார்ந்து அதக் கேளுங்க. எங்கள எப்படி கேக்க வச்சீங்களோ அப்படி. கேட்டுட்டு சாயந்தரம் இவகிட்ட சொல்லுங்க, இன்னா கேட்டீங்கன்னு. அதுக்கப்புறம் பாக்கலாம்."

மறுநாள் ஐந்து இருபதுக்கு அதே தறிப் பலகையில் உட்கார்ந்து கேட்டேன். நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. பாதியில் நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கி நின்றேன், திரும்பி வந்து மீதியைக் கேட்டேன். சாயந்தரம் மகள் போன் பண்ணினாள்.

"இன்னைக்கு இன்னா கேட்டீங்க?"

"நான் உங்கம்மாவ அடிச்சேன்."

"அது எனக்குத் தெரியும். அதுல இன்னா கேட்டீங்க?"

அடித்ததையே மறுபடி சொன்னேன். வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் எண்ணினேன். மூன்று அடி என்றுதான் என் நினைவில் இருந்தது. யாராவது கேட்டிருந்தால் சத்தியம் பண்ணியிருப்பேன். பதிவில் ஏழு இருந்தது. மூன்றாம் நாள், மூடி சுழன்று அடங்கும் சத்தத்துக்குள் அவள் ஏதோ சொல்வது கேட்டது. காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "தெரியாமங்க" என்கிறாள். நான்காம் அடிக்கும் ஐந்தாம் அடிக்கும் நடுவில், "கஞ்சி, கஞ்சி" என்கிறாள். தெருவில் பத்துப் பேர் வரப்போகிறார்கள், கஞ்சி கொட்டிவிட்டால் பாவு நின்றுபோகும் என்று, அடியை வாங்கிக்கொண்டு அவள் பாத்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் கையை எடுக்கவில்லை. என் பாவுக்காக. இதை மகளிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் போனை உடனே வைக்கவில்லை.

ஒரு நாள் அவளே சொன்னாள். "பஸ்ஸுல மொதல்ல அதக் கேட்டு எனக்கு ஒண்ணும் ஆகலப்பா. அது பழகின சத்தம்தான். ரெண்டாவதா அனுப்புனீங்க பாருங்க, அதக் கேட்டப்புறம்தான் டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லி இறங்கிட்டேன். அதுல நீங்க மூச்சு கூட வாங்கல."

அந்த இரண்டாவது பதிவையும் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். அமைதியான, கனிவான குரல். சபை ஏழு வருடமாகக் கேட்ட குரல் அது. அந்த ஏழு அடியையும்விட எனக்கு அந்தக் குரல்தான் பயமாக இருந்தது.

இதற்கிடையில் கிழிந்த பாவைத் தனியாக உட்கார்ந்து முடிந்தேன். அறுந்த ஒவ்வொரு இழையையும் தேடி எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். புணைப்பது என்போம். இருபத்து நான்கு வருடமாக என் வீட்டில் அந்த வேலையைச் செய்தது அவளுடைய ஆள்காட்டி விரல்தான். எனக்கு நாற்பது இழைக்கு மேல் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதில் பாதி மறுபடி அறுந்தது. கோபம் வந்து சாம்பல் தட்டைச் சுவரில் வீசினேன். வீட்டில் யாரும் இல்லை. யாருமில்லாத வீட்டிலும் என் கோபம் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். அவளால் வருகிறது என்று நினைத்திருந்தேனே, அவள் பெரணமல்லூரில் அல்லவா இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சொல்லட்டுமா என்று பாஸ்டரிடம் கேட்டேன். "சாட்சின்னா ஜெயம் வந்தப்புறம் சொல்லணும் பிரதர். பாதியில சொன்னா சபைக்குத்தான் பேஜார்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு காலை குழுவில் நானே போட்டேன். நான் அன்றைக்கு அனுப்பியதில் என் மனைவியை ஏழு அடி அடித்தேன், விரல் உடைந்தது, நீங்கள் கேட்காமல் ஆமென் போட்டீர்கள், இனி நான் காலையில் பேசமாட்டேன், என்று. அதற்கு ஆமென் வரவில்லை. மூன்று சகோதரிகள் மட்டும் அக்கா எப்படி இருக்கிறாள் என்று தனியாகக் கேட்டார்கள். ஆண்களில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

சாயந்தரம் மகளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அதையும் ஒரு செய்தியா போட்டுட்டீங்களா?" என்றாள். அந்த அடி எனக்கு வேண்டியதுதான்.

அதிகாலை ஜெபத்தை நான் விடவில்லை. யாரும் விடவேண்டாம். நான்கு மணிக்கு எழுந்திருப்பது நல்லது, தினமும் வேதம் வாசிப்பது நல்லது. என் உயிரை இன்றுவரை பிடித்து வைத்திருப்பது அதுதான். ஆனால் முழங்காலிலிருந்து எழுந்ததும் அதே வீட்டில் இருக்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். நீங்கள் எழுந்து நிற்கும்போது அவர்கள் தோள் சுருங்குகிறதா என்று பாருங்கள். சுருங்கினால் மறுபடி முழங்காலுக்குப் போங்கள், கேட்பதை மாற்றிக் கேளுங்கள். நான் சபைக்கு ஊக்கம் சொன்னேன். என் ஒழுக்கமெல்லாம் கடிகாரத்தோடு நின்றுவிட்டது, என் கைவரை வரவில்லை.

நாற்பது நாளுக்கு மேல் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் மனைவி வாசலில் வந்து நின்றாள். மகளோடு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பார்த்துக் குடி வந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"வேலைக்கு வர்றேன்" என்றாள். "இந்தத் தறியில பாதி என்னுது. குடித்தனத்துக்கு வரல. எட்டு மணிக்கு வந்து அஞ்சு மணிக்குப் போய்டுவேன். கதவு தெறந்தே இருக்கணும்."

"சரி" என்றேன்.

கட்டுப் பிரித்திருந்தார்கள். ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் மடங்கவில்லை, நீட்டியபடியே நிற்கிறது. நடுவிரலாலும் கட்டை விரலாலும் புணைக்கப் பழகிக்கொண்டாள். மெதுவாகத்தான் வருகிறது. நான் அவசரப்படுத்துவதில்லை.

வந்த முதல் வாரத்தில் ஒன்று நடந்தது. அவள் தறிக்கு முன்னால் குனிந்து இழை தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மாடத்திலிருந்த நூல் கண்டை எடுக்கக் கையை நீட்டினேன். அவ்வளவுதான். அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையோடு தரையாகச் சுருண்டாள். நான் கண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் நிமிர்ந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், விட்ட இழையைத் தேடி எடுத்தாள்.

அன்றிலிருந்து அவள் பின்னால் நான் போவதில்லை. தறி அறைக்குள் நுழைவதற்கு முன் வெளியிலேயே நின்று "வர்றேன்" என்று குரல் கொடுப்பேன். எதையாவது எடுக்க வேண்டுமானால், எதை எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுப்பேன். "கத்திரிக்கோல் எடுக்குறேன்." "தண்ணிச் சொம்ப எடுக்குறேன்." நாடாவைக் கையில் எடுக்கும்போது அவள் பார்க்கும்படியாக எடுப்பேன். இதையெல்லாம் ஜெபம் மாதிரி, தவறாமல், ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் செய்கிறேன். எட்டு மாதமாகிறது. கோபம் இரண்டு தரம் கழுத்துவரை வந்தது. இரண்டு தரமும் தெருவில் இறங்கிக் கோடிவரை நடந்துவிட்டு வந்தேன். ஒரு தரம் நடந்தது போதாமல் ஊருக்கு வெளியே குளக்கரை வரை போனேன். மூன்றாம் தரம் வராது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஒவ்வொரு நாளைக்கும் அந்த நாளுக்கு மட்டும் கேட்கிறேன்.

போன வாரம் புதன்கிழமை பாவு புணைத்துக்கொண்டிருந்தாள். கடைசி நூறு இழை பாக்கி. நான் வாசலில் நின்று, "வர்றேன்" என்றேன். பதில் இல்லை. வழக்கமாகத் தலையாட்டுவாள். இன்னும் கொஞ்சம் சத்தமாக, "வர்றேன், சாம்பல் தட்ட எடுக்க வர்றேன்" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. இழையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "வந்தா வாங்களேன். சாம்பல் தட்டுக்கு ஏன் ஊரக் கூட்டுறீங்க."

நான் உள்ளே போனேன். அவளுக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் இருந்த தட்டைக் குனிந்து எடுத்தேன். அவள் தோள் அசையவில்லை. விரல்கள் அடுத்த இழைக்குப் போயின. வெளியே வந்து கிணற்றடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அன்றைக்கும் சாயந்தரம் ஐந்து மணிக்குத் தறியை விட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, அவள் தன் அறைக்குப் போய்விட்டாள்.